'ரைட்' என்னும் சொல்லும் நம் மொழிபெயர்ப்பாளரும்

ஆங்கிலத்தில் மிகச் சிறிய சொற்கள் சிலவற்றுக்குப் பொருள்கள் பலவாக இருத்தலைக் கண்டு, நம்மவருள் இரு சாரார் இருவேறு முடிவுக்கு வந்துள்ளனர். ஆங்கிலம் கற்றதனால் தமிழை மறந்தோர், "ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நூறு காரியம் பார்க்கும் மொழியன்றோ வளமுள்ள மொழி!" என்று வியக்கின்றனர். தமிழ் கற்றதனால் பிறமொழி எதனையும் அறிய மறுப்போர், "ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு சொல் வகுத்துக்கொள்ள மாட்டாத வறுமையே அது" என்று எள்ளுகின்றனர். இவ்விரு கட்சியாரும் செய்யும் தவறு ஒன்றே என்பது நமது துணிபு. சொல்லுக்குப் பொருளெண்ணி மொழிக்கு விலை கூறுவது, அடுக்களைப் பாத்திரங்களை எண்ணி அவ்வீட்டுச் சமையலுக்கு மதிப்புரை எழுதுவதை ஒக்கும்.

1928இல் நிறைவெய்திய ஆக்ஸ்போர்டுப் பேரகராதியில் 'செட்' என்னும் குறுஞ்சொல்லே ஏனைய சொற்களினும் மிகுந்த இடத்தைக் கொண்டது என்பர். இக்காலத்தில் திருத்தப்பட்டு வரும் பதிப்பிலோ, 'ரன்' என்னும் வினை அறுநூற்றுக்கு மேற்பட்ட பொருள்களோடு அதனை முந்திவிட்டது. இருக்கட்டும். காலின் அடி, மரத்தின் அடி, செய்யுளின் அடி, அளவுகோலின் அடி, முதுகில் விழும் அடி என்று நம்முடைய 'அடி'யையும் 'எடு', 'படு', 'விடு' முதலியவற்றையும் ஒருவர் அமர்ந்து எண்ணத் தொடங்கினால் அவருக்கும் ஆண்டுகள் சில கழியும். எண்ணிக்கைப் பெருமை நமக்கு வேண்டா. நாம் ஆராய எடுத்துக்கொண்டது 'ரைட்' என்னும் ஒரே சொல். பிற சொற்களைத் தவறாகப் பெயர்த்தால் வாக்கியம் கெடும். இச்சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் வழக்கே கெட்டுப்போகும். அதனாலேயே இதற்கு இத்துணை இடம் அளிக்கிறோம்.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சிற்றகராதிகளைப் புரட்டினால், இச்சொல்லுக்கு எதிரே 'சரி, நேர், வலப்பக்கம், உரிமை, நியாயம், மிக' என்று ஒரு வரிசை காணப்படும். முன்பின் அறியாத ஆறு பேரை ஒரே பலகையில் உட்கார வைத்ததுபோல் அவை அமர்ந்திருக்கும். எது எதற்குத் தாய், எது எதற்குச் சேய் என்று அகராதி சொல்லாது. இச்சொல்லின் முதற்பொருள் 'கோணாதது', 'நேரானது' என்பதே. இலத்தீனத்து 'ரெக்டஸ்', செருமானியத்து 'ரெக்ட்' ஆகியவை இதன் உறவுகள். நேரான கோடு நேரான நடத்தையாயிற்று. நேரான நடத்தை நியாயமாயிற்று. நியாயப்படி ஒருவனுக்குச் சேரவேண்டியது அவனுடைய 'ரைட்' ஆயிற்று. செருமானியர் சட்டத்தையும் உரிமையையும் இன்றும் ஒரே சொல்லால் வழங்குகின்றனர். பிரெஞ்சுக்காரரின் 'துருவா' என்னும் சொல் நேர், சட்டம், உரிமை ஆகிய மூன்றையும் சுமந்து நிற்கிறது; வலப்பக்கத்திற்கும் அதன் பெண்பால் வடிவமே பெயர்.

இந்த எண்ணவோட்டம் நமக்குப் புதிதன்று. கோணாத கோலைச் செங்கோல் என்றும், கோணிய கோலைக் கொடுங்கோல் என்றும் வழங்கியவர் நாம். கணக்காசிரியர் 'ரைட் ஆங்கிள்' என்பதனைச் செங்கோணம் எனப் பெயர்த்தாரே, அதுவன்றோ பெயர்ப்பு! ஆங்கிலச் சொல்லின் வேரிலுள்ள நேர்மையைத் தமிழ்ச் சொல்லின் வேரிலுள்ள செம்மையால் தொட்டுவிட்டார். 'சரியான கோணம்' என்று அவர் எழுதியிருந்தால் ஏனைய கோணங்களெல்லாம் பிழையான கோணங்களாகியிருக்கும்.

ஆயினும் வலப்பக்கம் என்னும் பொருளில் தமிழ் வேறு வழி சென்றது. பெரும்பாலோர்க்கு எந்தக் கை சரியாகத் தொழில் செய்கிறதோ அதனையே ஆங்கிலேயர் 'ரைட்' என்றனர். மற்றதற்கு அவர் வைத்த 'லெஃப்ட்' என்னும் பெயரின் பழம்பொருள் வலுவற்றது, பயனற்றது என்பதாம். தமிழர் நேர்மையைப் பாராமல் வலிமையைப் பார்த்தனர். 'வல்' என்னும் அடியிற் பிறந்த வலம், வெற்றிக்கும் பெயராயிற்று. பேச்சு வழக்கிலோ இன்னும் வெளிப்படை: அது சோற்றுக்கை. மற்றதன் பெயரை இவ்விடத்தில் எழுதாமல் விடுகிறோம். மலாய்மொழியார் இவற்றையெல்லாம் தனித்தனியே பிரித்து வைத்துள்ளனர். வலப்பக்கத்துக்குக் 'கானான்', சரி என்பதற்குப் 'பெத்துல்', உரிமைக்கு அரபியிலிருந்து பெற்ற 'ஹாக்'. இந்நாட்டில் வாழும் நமக்கு இது ஒரு நல்ல பாடம். வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், இடப்பக்கமே 'ரைட்' பக்கம் என்று ஆங்கிலத்தில் விளையாட்டாகக் கூறலாம். மலாயிலும் தமிழிலும் அந்த விளையாட்டுச் செல்லாது.

அடைமொழியாக வரும்போது 'ரைட்' என்பதற்கு 'மிக' என்பதே பொருள். பிரிவிக் கவுன்சில் உறுப்பினர்க்கு வழங்கும் 'ரைட் ஆனரபிள்' என்னும் பட்டத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சரியான கௌரவர்' என்றாகி நகைப்புக்கிடமாகும். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்க்கு 1921இல் அப்பட்டம் கிடைத்தபோது நம் பத்திரிகைகள் அவரை 'மகாகனம்' ஆக்கின. சொல் வடமொழியே ஆயினும் பெயர்ப்பு நுட்பமானது. 1936ஆம் ஆண்டிறுதியில் அந்த மகாகனம் மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட வந்தார்; தொழிலாளர் வருகையை நிறுத்த வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட 1937இல் அறிக்கை வெளியிட்டார். மறு ஆண்டே இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்துவிட்டது. பட்டத்திலிருந்த 'ரைட்' அறிக்கையிலும் இருந்ததா என்று அந்நாளிற் பலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

ஒலியால் ஒன்றுபட்ட சொற்களையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். எழுதுதலும் 'ரைட்', சடங்கும் 'ரைட்'. ஆங்கில எழுத்தில் அவை வெவ்வேறு. தமிழெழுத்தில் எழுதினாலோ வேறுபாடே தோன்றாது. உரிமைகள் இவை, சடங்குகள் இவை என்று பிரித்தறியாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சமுதாயத்திற்கு இந்த மயக்கம் பொருத்தமானதுதான்.

இனி இச்சொல்லின் தலையாய பொருளுக்கு வருவோம். 1628இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அரசனிடம் கொடுத்த விண்ணப்பத்திலும், 1689இல் நிறைவேற்றிய சட்டத்திலும் இச்சொல்லே தலைப்பில் நின்றது. இடையே 1649இல், தெய்வம் தந்த 'ரைட்' தனக்குண்டு என்று கூறிய முதலாம் சார்லசு அரசன் தலையை இழந்தான். அரசனும் குடிகளும் ஒரே சொல்லைக் கொண்டு போரிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. 'எனது ரைட்' என்று ஆங்கிலத்தில் ஒருவன் கூறும்போது, 'எனக்குரியது' என்னும் பொருளோடு 'நேர்மையானது' என்னும் பொருளும் உடன் நின்று ஒலிக்கிறது. கேட்பவன் மறுத்தால் ஒருவனுடைய உடைமையை மறுப்பவனாவதோடு, நேர்மையையே மறுப்பவனும் ஆகிறான். பொருள் மயக்கம் சில வேளை ஏழைக்கு ஆயுதமாகும். அவ்வாயுதத்தை வலியவனும் ஏந்துவான் என்பதற்குச் சார்லசே சான்று. 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்று நாம் கூறுமிடத்தில், 'மைட் இஸ் ரைட்' என்று அவர்கள் அச்சொல்லையே எள்ளி நகையாடுகின்றனர்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது இச்சொல்லைப் பற்றி இங்கிலாந்தில் பெரும்போர் மூண்டது. எட்மண்டு பர்க் 1790இல் எழுதிய நூலில், ஆங்கிலேயரின் உரிமைகள் முன்னோரிடமிருந்து வழிவழி வந்த சொத்துப் போன்றவை என்றார். தாமஸ் பெயின் 1791இல் அதற்கு விடையிறுத்தார். இறந்துபோனவர் இருப்பவரைக் கட்டுப்படுத்த இயலாது என்பதும், மனிதனாய்ப் பிறந்ததே உரிமைக்குப் போதிய ஆதாரம் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். ஒருவர் கூறியது தாயபாகம். மற்றவர் கூறியது மனித உரிமை. சொல் ஒன்றே.

இந்தப் போர் தமிழ் மொழிபெயர்ப்புக்குள்ளும் நடந்திருக்கிறது என்பதைப் பலர் உணரவில்லை. 'பர்த்ரைட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். விவிலியத்தில் ஏசா என்பவன் பசிக்கு ஆற்றாமல் ஒரு வேளைக் கூழுக்குத் தம்பியிடம் விற்றுவிட்ட பொருள் அது. தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பாளர் அதனைச் 'சேஷ்டபுத்திரபாகம்' என்றனர். மூத்த மகனுக்குச் சேரும் பங்கு என்பது பொருள். கதைக்கு அது முற்றிலும் பொருந்தும். பின்னர்ச் சுயராச்சியம் தமது 'பர்த்ரைட்' என்று திலகர் முழங்கியபோது, அதே சொல்லை நம் பத்திரிகைகள் 'பிறப்புரிமை' எனப் பெயர்த்தன. 'சுயராச்சியம் எங்கள் சேஷ்டபுத்திரபாகம்' என்று எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும்? முதற்சொல் மூத்தவனுக்கு மட்டும் கொடுத்து இளையவனை வெளியே நிறுத்துகிறது. இரண்டாவது சொல் பிறந்தவர் அனைவரையும் உள்ளே அழைக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து ஒன்றுக்கொன்று மாறான இரண்டு தமிழ்ச் சொற்கள் பிறந்தன. இரண்டும் தத்தம் இடத்திற் பிழையற்றவை. அகராதியைப் பார்த்துப் பெயர்ப்பவர்க்கும் இடத்தைப் பார்த்துப் பெயர்ப்பவர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆனால் 'பிறப்புரிமை' என்பதிலும் ஒரு முள் இருக்கிறது. பிறப்பால் உரிமை என்றால், பிறப்பால் உரிமையின்மையும் உண்டென்று சாதியார் வாதிக்கலாமன்றோ? வாதித்தும் வந்திருக்கின்றனர். திலகர் பெருமானே, பெண்டிர்க்குச் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்த வந்த 1891ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நின்றவர். நாட்டின் பிறப்புரிமைக்கு முழங்கிய அவ்வாய், பத்து வயதுச் சிறுமியின் பிறப்புரிமைக்குத் திறக்கவில்லை. அவர் தொண்டை மறுப்பது நம் கருத்தன்று. ஒரு பெருஞ்சொல்லை முழங்குபவர் அதனைத் தாம் விரும்பும் எல்லையிலேயே நிறுத்திக்கொள்வர் என்பதற்கு இதனைக் காட்டினோம்.

தமிழ்ச் சொற்களின் நிலையென்ன என்று பார்ப்பதும் நம் கடமை. முன்னாளிற் சட்ட எழுத்தாளர் 'ரைட்' என்பதனைப் 'பாத்தியதை' என்றனர். 'சுதந்திரம்' என்பது கிராமத்தில் ஊழியக்காரர்க்குக் களத்திலே அளந்து கொடுக்கும் பரம்பரைப் பங்குக்குப் பெயராக இருந்தது. இன்று விடுதலைக்கு அதனைப் பெயராக்கியுள்ளோம். களத்துமேட்டிலிருந்து கொடிக்கம்பத்துக்கு ஏறிய சொல் அது. 'உரிமை' என்பதோ 'உரி' என்னும் அடியிலிருந்து வந்தது. ஒருவனுக்கு உரியது, உடைமையாகச் சேர்ந்தது என்பதே அதன் உட்பொருள். இதனைக் கேட்டுத் தனித்தமிழன்பர்கள் மகிழ்வர். நாமும் மகிழ்கிறோம், ஒரு செய்தியை மட்டும் சேர்த்துக்கொண்டு: பழைய நூல்களில் 'உரிமை' என்பதற்கு மனைவி என்றும் பொருளுண்டு. அரசனுடைய தேவிமாரும் அந்தப்புரத்தாரும் 'உரிமை மகளிர்', 'உரிமைச் சுற்றம்' எனப்பட்டனர். அதாவது, பெண் உரிமையை உடையவளாக இல்லை. அவளே ஒருவனுடைய உரிமையாக இருந்தாள்!

இதனைப் பழங்கதை என்று தள்ளுவார்க்கு 'முறைப்பெண்' என்னும் சொல்லை நினைவூட்டுவோம். முறை என்பது நீதிக்கு நாம் இட்ட பெயர். அரசன் செய்வது முறை. குடிகள் அவன்முன் சென்று செய்வது முறையீடு. 'ரைட்' என்பதன் நேர்மைப் பொருளுக்கு இதனினும் பொருத்தமான தமிழ் கிடைப்பது அரிது. அவ்வுயர்ந்த சொல்லே குடும்பத்துக்குள் புகுந்ததும், மாமன் மகள்மீதும் அத்தை மகள்மீதும் ஒருவனுக்குள்ள பிடியாகிவிட்டது. பெண்ணை வேறிடத்துக்குக் கொடுத்தால் முறைகாரன் பந்தலில் வந்து நியாயம் கேட்பான், ஊரும் தலையசைக்கும். பெண்ணின் நெஞ்சு யாதென்று கேட்க அந்த முறையில் இடமே இல்லை. மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அம்மையார் 1792இல் பெண்ணுரிமைக்காக வெளியிட்ட நூலின் தலைப்பிலுள்ள 'ரைட்ஸ்' என்னும் சொல்லை, இவ்வளவு சுமையேறிய நம் சொல்லால் பெயர்க்கும்போது, பெயர்ப்பவர் ஒரு கணமேனும் நின்று எண்ணவேண்டாவா?

மேனாட்டாரின் சொல்லும் மாசற்றதன்று. 'ரைட்ஸ் ஆஃப் மேன்' என்பதிலுள்ள 'மேன்' மனிதரையும் குறிக்கும், ஆண்மகனையும் குறிக்கும். வேண்டியபோது விரியவும் வேண்டாதபோது சுருங்கவும் வல்ல சொல் அது. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாட்டு மன்றம் ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதற்பிரிவில், 'மென்' என்றிருந்ததை மனிதப்பிறவிகள் என்று பொருள்படுமாறு மாற்றச் செய்தவர் இந்தியப் பெண்மணியாகிய அன்சா மேத்தா. ஒரு சொல்லைத் திருத்தியதனால் உலகில் பாதிப்பேர் அப்பிரிவுக்குள் ஐயமின்றி வந்து சேர்ந்தனர். சொல்லாராய்ச்சி வேலையற்றோர் வேலை என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

அரசியலில் வலது, இடது என்னும் வழக்கு 1789இல் பிரெஞ்சு நாட்டு மன்றத்தில் மன்னன் கட்சியார் தலைவர்க்கு வலப்புறம் அமர்ந்ததனால் வந்தது. ஆகவே 'ரைட்' கட்சியார் பிறர் 'ரைட்'டை மறுப்பது ஆங்கிலத்தில் முரணாக ஒலிக்கும். 'வலதுசாரி' என்னும் தமிழில் அம்முரண் தோன்றாது. இங்கே நம் மொழிபெயர்ப்புச் சரியே. ஆனால் நமக்கு வலம், இடம் என்னும் பிளவு பாரிசிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. வலங்கைச் சாதி, இடங்கைச் சாதி என்று நாம் அதற்கு நெடுங்காலம் முன்பே பிரிந்து நின்றோம். 1707இல் சென்னைப் பட்டணத்தில், எவருடைய ஊர்வலம் எந்தத் தெருவிற் போகலாம் என்று இவ்விரு கையாரும் மோதிக்கொண்டனர். ஆளுநர் தாமஸ் பிட் பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கையார்க்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையார்க்கும் ஒதுக்கிப் பூசலைத் தணிக்க முயன்றார். ஓருடம்பின் இரு கைகள் ஒரு தெருவில் சேர்ந்து போக முடியாத விந்தையை அந்த வெள்ளைக்காரர் எங்ஙனம் விளங்கிக்கொண்டாரோ!

தெரு என்றவுடன் 'ரைட் ஆஃப் வே' என்னும் தொடர் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பத்திர எழுத்தர்கள் அதனை 'வழிநடைப் பாத்தியம்' என்பர். நிலத்தை விற்கும்போது வாய்க்கால் ஓரமாக நடக்கவும், வண்டி ஓட்டவும் பாத்தியம் உண்டு என்று தவறாமல் எழுதிவிடுவர். ஒரு காணி நிலத்துக்கு அவ்வளவு கவலை எடுத்துக்கொண்டவர் நாட்டில், பொதுத் தெருவில் நடக்க மனிதர்க்குப் பாத்தியம் இல்லாமலிருந்தது. 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் வைக்கத்தில் தொடங்கிய போர் எதற்காக? கோயிலுக்குள் நுழைவதற்கன்று, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடப்பதற்கு. மாடு நடந்த வீதி அது, நாய் நடந்த வீதி அது. பெரியார் ஈ. வெ. ரா. அதற்காக இருமுறை சிறையேகினார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். 1925இல் ஒருவாறு வீதிகள் திறந்தன. 'வழிநடைப் பாத்தியம்' என்னும் பத்திரச் சொல்லும் 'மனித உரிமை' என்னும் மேடைச் சொல்லும் அந்த மண்ணில் ஒரே பொருளாயின.

இந்நாட்டிலும் அதற்கு ஒரு சான்றுண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, உற்றார் நண்பர் வந்து பார்க்கும் வசதி ஆகியவற்றோடு மற்றொரு கோரிக்கையும் அவர்கள் பட்டியலில் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது அது. சைக்கிள் அவனுடையது, விலை கொடுத்து வாங்கியது. அதன்மேல் அமர்ந்து செல்வதற்குத்தான் அவன் போராட வேண்டியிருந்தது. மே மாதத்தில் துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார்.

அப்போராட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோருள் சிலர், தொழிலாளர் 'சலுகைகள் கேட்டனர்' என்று எழுதக் காண்கிறோம். சலுகை என்பது கொடுப்பவன் மனம் இளகிக் கொடுப்பது. மறுநாள் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்வது. தொழிலாளர் கேட்டதற்கு அது பெயராகுமா? 'பாத்தியதை' என்று எழுதினாலும் பொறுப்போம், 'முறை' என்று எழுதினாலும் மகிழ்வோம். 'உரிமை' என்பதன் பழஞ்சுமையை மேலே எடுத்துக் காட்டினோமாயினும், சைக்கிளை விட்டு இறங்க மறுத்த அத்தொழிலாளியின் வாயில் அச்சொல் அச்சுமையை இறக்கி வைத்துவிட்டதென்றே கருதுகிறோம். 'சலுகை' என்று எழுதும் அன்பர்கள் எந்த அகராதியைப் பார்த்து எழுதுகின்றனர் என்று தெரிவித்தால், அதன் அடுத்த பதிப்புக்கு ஒரு திருத்தம் அனுப்பி வைக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.